வீரன் வீடு திரும்பிய வழிச்செலவு

மனிதன் பிறந்த மண்ணை விட்டு எத்துணைத் தொலைவு சென்று வாழ்ந்தாலும், இறுதியில் அம்மண்ணிலேயே அடங்க வேண்டுமென விரும்புவது இயல்பு. பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வந்து இக்காலனியில் குடியேறியிருக்கும் நமக்கு இவ்விருப்பத்தை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆனால் விருப்பம் வேறு. அதை நிறைவேற்றும் வழி வேறு. உயிருள்ள மனிதன் ஒரு சீட்டை வாங்கிக்கொண்டு, நிற்க இடம் கிடைத்தாலும் போதுமென்று ஊர் போய்ச் சேர்ந்துவிடுவான். உயிர் நீங்கிய உடலுக்கோ மருத்துவர் சான்று வேண்டும். காற்றுப் புகாத பெட்டி வேண்டும். பிரேக்வானில் இடம் வேண்டும். இவை அனைத்துக்கும் முன்பாகக் கையில் பணம் வேண்டும். புகைவண்டி அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்கு, தூரமும் எடையும் கட்டணமாக மாறும் கணக்கு நன்கு பழக்கமானது. அக்கணக்கில் துயரத்துக்குத் தனிப் பத்தி கிடையாது.

இக்கணக்கு போர்வீரனுக்கு வரும்போது ஒரு பெரிய கேள்வியாகிறது. நாட்டின் ஆணைப்படி நெடுந்தொலைவு சென்றவன் அங்கே மாண்டால், அவன் உடலைத் தாய் தந்தையரிடம் கொண்டு சேர்க்கும் செலவு யாரைச் சார்ந்தது? போரில் மாளாமல் திரும்பி, போரிலே பெற்ற நோயாலோ புண்ணாலோ பல ஆண்டுகள் கழித்து இறந்த முன்னாள் வீரனுக்கு யார் செலவழிப்பது? அமெரிக்க ஐக்கிய நாடுகள் இக்கேள்விக்கு நூற்றறுபது ஆண்டுகளாகச் சட்டத்துக்கு மேல் சட்டமாக விடை எழுதி வந்திருக்கின்றன. பிரிட்டன் அதற்கு நேர்மாறான விடையைத் தந்தது. நம் நாடு தன் விடையை 1999ஆம் ஆண்டிலேதான் முழுமையாக எழுதிற்று. இம்மூன்றையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பதின்மூன்று டாலர் சம்பளம்

1861ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் நான்கு ஆண்டுகள் பொருதன. ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். அதற்கு முன்னர் அந்நாடு இத்துணை மரணத்தைக் கண்டதில்லை. மாண்டவர்களிற் பெரும்பாலோர் போர்க்களத்தின் ஓரத்திலும், மருத்துவமனைகளின் பின்புறத்திலும் அவசர அவசரமாகப் புதைக்கப்பட்டனர். பலருடைய குழிகளில் பெயர்ப்பலகைகூட இல்லை.

ஆனால் அக்காலத்தில் இரண்டு புதுமைகள் தோன்றியிருந்தன. ஒன்று புகைவண்டி. மற்றொன்று, உடலை அழுகாமற் பாதுகாக்கும் மருந்து முறை. தாமஸ் ஹோம்ஸ் என்னும் மருத்துவர் அம்முறையைப் பரப்பியவர்களுள் முதன்மையானவர். 1861 மே மாதத்தில், வட படையின் கர்னல் எல்மர் எல்ஸ்வொர்த் அலெக்ஸாண்ட்ரியா நகரிற் கொல்லப்பட்டார். ஹோம்ஸ் அவர் உடலைப் பதனிட்டார். குடியரசுத் தலைவர் லிங்கனுக்கு நெருங்கியவராதலால், உடல் வெள்ளை மாளிகையிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பின்னர் நியூயார்க் மாநிலத்திலிருந்த அவருடைய சொந்த ஊருக்குச் சென்றது. இச்செய்தியைப் படித்த ஆயிரக்கணக்கான பெற்றோர், தம் மக்களையும் அவ்வாறே வீட்டுக்குக் கொண்டுவரலாமன்றோ என்று எண்ணத் தொடங்கினர்.

எண்ணம் எழுந்தது, செலவு குறுக்கே நின்றது. வட படையின் சாதாரணச் சிப்பாய்க்குத் தொடக்கத்தில் மாதச் சம்பளம் 13 டாலர். உடலைப் பதனிடுவோர் சிப்பாய்க்கு 25 டாலரும் அதிகாரிக்கு 50 டாலரும் கேட்டனர் என்பர். பின்னர் அவை 30ஆகவும் 80ஆகவும் உயர்ந்தன. அஃதாவது, ஒரு சிப்பாயின் உடலைப் பதனிட அவனுடைய ஏறத்தாழ இரண்டு மாதச் சம்பளம் வேண்டும். அதற்கு மேல் பெட்டிக்குப் பணம். வண்டிக் கட்டணத்துக்குப் பணம். உடலைத் தேடிச் செல்லும் தந்தையின் வழிச்செலவுக்கும் பணம். பதனிடாத உடலை ஏற்றிச் செல்லப் புகைவண்டிகளும் பார்சல் நிறுவனங்களும் தயங்கின. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஊர் திரும்பினான்; உழவன் மகன் விழுந்த இடத்திலேயே கிடந்தான். ஒரே அணியில் நின்று, ஒரே நாளில் வீழ்ந்த இருவரைத் தந்தையின் பணப்பை பிரித்து வைத்தது.

இத்துயரத்தை வாணிபமாக்கியவர்களும் இருந்தனர். படை முகாம்களுக்கு அருகிற் கடை விரித்துக் குடும்பங்களிடம் மிகுதியாகப் பணம் பறித்தவர்கள் மீது புகார்கள் குவிந்தன. 1865 மார்ச்சில் போர்த்துறை ஓர் ஆணை பிறப்பித்து, உடலைப் பதனிடுவோர் உரிமம் பெற வேண்டுமென்றும், கட்டணம் வரையறைக்குட்பட்டிருக்க வேண்டுமென்றும் விதித்தது. அடுத்த மாதமே லிங்கன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய உடலை ஏற்றிய புகைவண்டி ஏப்ரல் 21ஆம் நாள் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு, ஏறத்தாழ 1,650 மைல் வலம் வந்து, மே 3ஆம் நாள் ஸ்பிரிங்ஃபீல்டு நகரை அடைந்தது. வழியெங்கும் மக்கள் தண்டவாளத்தின் இரு மருங்கிலும் நின்று வணங்கினர். அவ்வாறு நின்றவர்களுள் தம் மகனின் குழி எங்குள்ளதென்றே அறியாத தாய்மார் எத்தனை பேரோ!

அரசு ஏற்ற முதற் சுமை

போர் முடிந்த பின் அமெரிக்க அரசின் மனச்சான்று விழித்துக்கொண்டது. 1862ஆம் ஆண்டிலேயே படைவீரர்க்கான தேசியக் கல்லறைகளுக்கு நிலம் வாங்கச் சட்டம் இடங்கொடுத்திருந்தது. 1865க்குப் பின் ஐந்தாறு ஆண்டுகள், காடு மேடெல்லாம் சிதறிக் கிடந்த குழிகளைத் தேடி, வட படையினர் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோரின் உடல்களை எடுத்துத் தேசியக் கல்லறைகளில் அடக்கினர். இதற்கான செலவு சுமார் 40 லட்சம் டாலர். அத்தனையும் அரசுப் பணம். தென் படையினர் இதிற் சேர்க்கப்படவில்லை. கறுப்பின வீரர்கள் சேர்க்கப்பட்டனர். எனினும் பெரும்பாலும் தனிப் பகுதிகளிலேயே புதைக்கப்பட்டனர். நீதி ஒரேயடியாக வருவதில்லை.

1873ஆம் ஆண்டில், போரிலிருந்து நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்ட வட படை முன்னாள் வீரர் அனைவர்க்கும் தேசியக் கல்லறையில் இடம் உண்டென்று சட்டம் இயற்றப்பட்டது. இது பெரிய பேறுதான். ஆயினும் இதில் ஒரு குறை இருந்தது. ஆறடி நிலம் இலவசம். அந்நிலம் வரையிலுள்ள நூறு மைல் வழி இலவசமன்று. கல்லறைக்கு அண்மையில் வாழ்ந்தவன் பயன்பெற்றான். தொலைவில் வாழ்ந்த ஏழை முதியவனுக்கு அவ்வுரிமை காகிதத்தில் மட்டுமே இருந்தது. உரிமை ஓரிடத்திலும் உரியவன் வேறிடத்திலும் இருக்கும்போது, இடையிலுள்ள வழிச்செலவே உண்மையான சட்டமாகிவிடுகிறது.

1898ஆம் ஆண்டில் ஸ்பெயினுடன் நடந்த போரில் அமெரிக்க வீரர்கள் கியூபா முதலிய தீவுகளில் மாண்டனர். அவர்களுடைய உடல்களைக் கடல் கடந்து கொண்டுவர அமெரிக்கச் சட்டமன்றம் பணம் ஒதுக்கிற்று. அயல் மண்ணில் மாண்ட தன் வீரர்களை அந்நாடு அரசுச் செலவில் பெருந்தொகையாகத் தாயகம் கொணர்ந்தது அதுவே முதன்முறை. அதன்பின் அமெரிக்கக் குடும்பங்கள் இதை ஒரு சலுகையாக எண்ணவில்லை, உரிமையாக எண்ணலாயின.

எவருக்கும் இல்லை என்ற விடை

முதல் உலகப் போரில் பிரிட்டன் இதற்கு முற்றிலும் வேறான வழியைக் கைக்கொண்டது. 1915 ஏப்ரலில், முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரரும் பாராளுமன்ற உறுப்பினருமான இளம் அதிகாரி ஒருவர் பிரான்சில் மாண்டார். அவர் குடும்பத்தார் மேலிடத்து அனுமதி பெற்று, உடலைத் தோண்டி எடுத்துத் தம் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கினர். செல்வாக்குள்ள குடும்பத்துக்குக் கிடைத்த இவ்வசதி, அதே களத்தில் மாண்ட சுரங்கத் தொழிலாளியின் மகனுக்குக் கிடைக்குமா? கிடைக்காது. ஆகவே இனி எவருடைய உடலும் கொண்டுவரப்படலாகாது என்ற தடை உறுதியாயிற்று.

இத்தடைக்குப் பின்னால் நின்றவர் ஃபேபியன் வேர் என்பவர். அவருடைய முயற்சியால் 1917 மே மாதத்தில் பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. ஆணையத்தின் கொள்கை தெளிவானது. பிரபுவின் மகனாயினும் கூலிக்காரன் மகனாயினும், வீழ்ந்த மண்ணிலேயே துயில வேண்டும். அனைவர்க்கும் ஒரே அளவுள்ள கல். பதவியால் வேறுபாடில்லை, பணத்தால் வேறுபாடில்லை.

கொள்கை உயர்ந்தது. ஆனால் தாயின் மனம் கொள்கையால் ஆறுமா? லீட்ஸ் நகரைச் சேர்ந்த சாரா ஆன் ஸ்மித் என்னும் பெண்மணி, போரில் மகனை இழந்தவர். அவர் தம்மைப் போன்ற பெற்றோரைச் சங்கமாகத் திரட்டி, மக்களின் உடல்களைத் தாயகம் கொணர அனுமதி வேண்டுமென்று ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். 1920 மே மாதத்தில் பாராளுமன்றம் இப்பொருளைப் பற்றிச் சூடாக விவாதித்தது. ஆணையத்தின் கொள்கையே நிலைத்தது. அவ்வாண்டு நவம்பரில், பெயரறியாத ஒரேயொரு வீரனின் உடல் மட்டும் பிரான்சிலிருந்து கொண்டுவரப்பட்டு, வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. டோவர் துறைமுகத்திலிருந்து லண்டன் வரை அவ்வுடலைச் சுமந்தது ஒரு பார்சல் வண்டி. புகைவண்டித் துறையினருக்கு இச்செய்தி நெஞ்சைத் தொடுவதாகும். அவ்வண்டி இன்றும் இங்கிலாந்தில் பேணப்பட்டு வருகிறது. தம் மகன் திரும்பாத ஒவ்வொரு தாயும், அதில் வந்தவன் தன் மகனாக இருக்கக் கூடாதா என்று எண்ணிக்கொள்ள இடமிருந்தது. அந்த ஓர் ஆறுதல்தான் அரசு அளித்தது.

1982ஆம் ஆண்டு ஃபாக்லாந்து தீவுகளில் நடந்த போருக்குப் பிறகு பிரிட்டன் தன் பழைய கட்டுப்பாட்டைத் தளர்த்திக் குடும்பங்களின் விருப்பத்தைக் கேட்டது. 64 வீரர்களின் உடல்கள் தாயகம் வந்தன. சாரா ஆன் ஸ்மித் போன்றோரின் மன்றாட்டுக்கு அறுபது ஆண்டுகள் கழித்துச் செவி கிடைத்தது எனலாம்.

விரும்பியவர்க்கெல்லாம் என்ற விடை

அதே முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்க அரசு ஒவ்வொரு குடும்பத்துக்கும் எழுதிக் கேட்டது: உடல் ஐரோப்பாவிலேயே இருக்கட்டுமா, தாயகம் வர வேண்டுமா? சுமார் 46,000 குடும்பங்கள் தாயகம் வர வேண்டுமென்றன. சுமார் 30,000 வீரர்கள் அங்கேயே தங்கினர். முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், பிரான்சில் வீழ்ந்த தம் மகன் குவென்டின் அங்கேயே துயிலட்டும் என்று எழுதியவர். மற்றவர்களின் விருப்பம் வேறாயிருந்தது. அரசு அதையும் மதித்தது. கொண்டுவரும் செலவு மூன்று கோடி டாலருக்கு மேலாயிற்று. அங்கேயே தங்கியவர்களின் தாய்மாரையும் மனைவியரையும் 1930 முதல் 1933 வரை அரசே தன் செலவில் ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்று கல்லறைகளைக் காட்டிற்று. ஆறாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பெண்கள் அவ்வாறு சென்று வந்தனர். கறுப்பினத் தாய்மாரைத் தனிக் குழுக்களாகப் பிரித்து, தரங்குறைந்த கப்பல்களில் அனுப்பினர். உடலுக்கு வழிச்செலவு கொடுத்த அரசு, தாய்க்கு மரியாதை கொடுப்பதிற் பின்தங்கிற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இப்பணி இன்னும் பெரிதாயிற்று. 1947 முதல் 1951 வரை, ஏறத்தாழ 2,80,000 வீரர்களுள் 1,71,000 பேரின் உடல்கள் அமெரிக்கா வந்தன. 1947 அக்டோபரில் பசிபிக் களத்திலிருந்து முதற் கப்பல் சான் பிரான்சிஸ்கோவுக்கும், ஐரோப்பாவிலிருந்து முதற் கப்பல் நியூயார்க்குக்கும் வந்து சேர்ந்தன. துறைமுகத்திலிருந்து புகைவண்டி, நிலையத்திலிருந்து ஊர். ஒவ்வொரு பெட்டியுடனும் ஒரு வீரன் துணையாகச் சென்றான். பெட்டி, வண்டி, துணை ஆகிய அனைத்தும் அரசுப் பொறுப்பு. தந்தை வாயிலில் நின்று பெற்றுக்கொண்டால் போதும். பின்னர் கொரியப் போரின்போது, 1951 முதல், போர் முடியும் வரை காத்திராமல் உடல்களை உடனுக்குடன் அனுப்பும் முறை ஏற்பட்டது.

ஊன்றி நோக்கினால் பிரிட்டனும் அமெரிக்காவும் ஒரே அநீதியைத் தீர்க்கவே முயன்றன என்பது புலனாகும். பணக்காரன் மகன் வீடு வருகிறான். ஏழை மகன் வருவதில்லை என்பதே அவ்வநீதி. எவருக்கும் இல்லை என்று சொல்லிப் பிரிட்டன் சமன் செய்தது. விரும்பியவர்க்கெல்லாம் அரசே செலுத்தும் என்று சொல்லி அமெரிக்கா சமன் செய்தது. முன்னது செலவற்றது, பின்னது செலவு மிக்கது. பின்னதே மனிதர் நெஞ்சுக்கு ஏற்றது என்பதை அறுபது ஆண்டுகள் கழித்துப் பிரிட்டனும் ஒப்புக்கொண்டது.

முன்னாள் வீரரும் ரசீதும்

களத்தில் மாண்டவனின் கதை இது. வீடு திரும்பி, முதுமையில் மாண்ட முன்னாள் வீரனின் கதை வேறு. அவன் இறக்கும்போது அவனுடன் படை இல்லை, துணைக்கு வீரன் இல்லை, கப்பல் இல்லை. கையில் ரசீது வைத்துக்கொண்டு நிற்கும் மனைவி மட்டுமே இருக்கிறாள்.

1917ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பணியிலிருக்கையில் இறந்தவனின் ஈமச் செலவுக்கும் உடலை வீடு சேர்ப்பதற்கும் சேர்த்து 100 டாலருக்கு மேற்படாத தொகையை அனுமதித்தது. 1924ஆம் ஆண்டுச் சட்டம், போதிய சொத்து விட்டுச் செல்லாத முன்னாள் வீரர்களுக்கும் இவ்வுதவியை நீட்டிற்று. சொத்து இல்லையென்று மெய்ப்பித்தால்தான் உதவி. துக்க வீட்டில் வறுமைக்குச் சாட்சி தேட வேண்டிய நிலை. அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெறுகையில் இறந்தவனைப் பற்றிய விதி சற்றுத் தாராளமானது. அவனை ஊரைவிட்டு அங்கே வரவழைத்தது அரசுதானே? ஆகவே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அரசின் கடமை என்ற நியாயம் அதில் அடங்கியிருக்கிறது.

1973ஆம் ஆண்டில் தேசியக் கல்லறைகளிற் பெரும்பாலானவை படைத்துறையிடமிருந்து முன்னாள் வீரர் நலத்துறைக்கு மாற்றப்பட்டன. 1976ஆம் ஆண்டில், படைப்பணியால் ஏற்பட்ட ஊனத்தால் இறந்தவருடைய உடலையும், அவ்வகை ஊனத்துக்கு உதவித்தொகை பெற்று வந்தவருடைய உடலையும் தேசியக் கல்லறைக்குக் கொண்டுசெல்லும் செலவை அரசு தரலாமென்று சட்டம் வந்தது. 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் குறை அப்போதுதான், நூற்று மூன்று ஆண்டுகள் கழித்து, ஓரளவு அடைக்கப்பட்டது. அதிலும் ஒரு வரம்பு உண்டு. இறந்தவர் வாழ்ந்த இடத்துக்கு மிக அண்மையில், இடமுள்ள தேசியக் கல்லறை எதுவோ, அதுவரை ஆகும் செலவுக்கு மேல் கிடைக்காது. அதற்கப்பாலுள்ள கல்லறைக்குக் கொண்டுசென்றால் மிகுதி குடும்பத்தைச் சார்ந்தது. மாநில அரசுகளும் பழங்குடியினரும் நடத்தும் வீரர் கல்லறைகளுக்கும் இவ்வுதவி 2023 முதல் விரிவாக்கப்பட்டது.

இங்கே எழுத்தர் என்ற முறையில் ஒன்றைச் சுட்ட விரும்புகிறேன். இச்சட்டங்களிற் பெரும்பாலானவை செலவைத் திருப்பித் தருகின்றன, முன்கூட்டித் தருவதில்லை. குடும்பம் முதலிற் செலுத்த வேண்டும். பிறகு இறப்புச் சான்று, பணி விடுவிப்புச் சான்று, எவ்வளவு செலவாயிற்று என்பதற்கான ரசீது ஆகியவற்றை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். சேமிப்புள்ள வீட்டுக்கு இது ஒரு தாமதம் மட்டுமே. சேமிப்பற்ற வீட்டுக்கோ இது கடன், வட்டி. அரசு ஒரு நாள் பணம் அனுப்பலாம். அதற்குள் கடன்காரன் பலமுறை வந்துபோய்விடுவான். இக்குறையை உணர்ந்தோ என்னவோ, 2014ஆம் ஆண்டில் அந்நாட்டு நலத்துறை விதியைத் திருத்திற்று. இறந்த வீரரின் மனைவி அல்லது கணவர் பற்றிய விவரம் ஏற்கெனவே கோப்பில் இருந்தால், ஈமச் செலவுக்குரிய அடிப்படைத் தொகையை அவர் விண்ணப்பிக்காமலேயே அனுப்பலாம் என்பது அத்திருத்தம். உடலைக் கொண்டுசென்ற செலவுக்கு மட்டும் இன்றும் கணக்குக் காட்ட வேண்டும். கோப்பில் உள்ளதை அரசே பார்த்துக்கொள்ளும் என்ற அச்சிறு வரி, உலகெங்கும் உள்ள அலுவலகங்கள் படிக்கத்தக்க பாடம்.

நம் நாட்டின் நிலை

இனி நம் நாட்டைப் பார்ப்போம். வீழ்ந்த வீரனுக்கு நடுகல் எடுத்துப் பெயரும் பீடும் எழுதி வழிபட்டவர் தமிழர். கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை அதன் துறைகளைத் தொல்காப்பியமே வகுத்துள்ளது. உடல் எங்கே போயிற்று என்பதைவிடப் பெயர் எங்கே நிற்கிறது என்பதே அன்று பெரிதாயிருந்தது.

முதல் உலகப் போரில் இந்தியாவிலிருந்து பத்து லட்சத்துக்கு மேற்பட்டோர் கடல் கடந்து சென்றனர். சுமார் 74,000 பேர் மாண்டனர். சென்னை சப்பர் படையினர் மெசபொடேமியாவின் மணலில் உழைத்தனர். எவருடைய உடலும் ஊர் திரும்பவில்லை. இங்கிலாந்தில் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே மேட்டு நிலத்தில் அவரவர் சமயமுறைப்படி எரியூட்டினர். அவ்விடத்தில் வெண்சலவைக் கல்லாற் சத்திரி மண்டபம் ஒன்று எழுப்பி 1921 பிப்ரவரியில் திறந்து வைத்தனர். பிரான்சில் நெவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் இந்திய வீரர்களின் நினைவுச் சின்னம் 1927ஆம் ஆண்டில் எழுந்தது. பெயர்கள் அங்கே உள்ளன. அப்பெயர்களைப் படிக்க வேண்டிய தாய்மார் இங்கே இருந்தனர்.

விடுதலைக்குப் பின்னும் களத்துக்கு அருகிலேயே எரியூட்டுவது அல்லது அடக்கம் செய்வதே பெரும்பாலும் வழக்கம். 1962 நவம்பரில் லடாக்கின் ரெசாங் லா கணவாயில் குமாவோன் படைப்பிரிவினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பனியில் உறைந்து கிடந்த உடல்கள் 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கண்டெடுக்கப்பட்டன. தலைமை தாங்கிய மேஜர் சைத்தான் சிங்கின் உடல் ஜோத்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. ஏனைய வீரர்களை சூசூலிலேயே எரியூட்டினர். வானூர்தி வசதியும் சாலை வசதியும் குறைந்திருந்த காலம் அது. ஆயினும் இங்கும் அதே பழைய பிரிவினை தென்படுகிறது: ஒருவருக்கு ஊர், மற்றவர்க்குக் களம்.

1999ஆம் ஆண்டுக் கார்கில் போரில் இவ்வழக்கம் மாறிற்று. வீழ்ந்தவர்களை அவரவர் ஊருக்கே அனுப்புவதென்று அரசு முடிவு செய்தது. அப்போரில் மாண்டவர் 527 பேர் என்பது அரசுக் கணக்கு. மலையுச்சியிலிருந்து தோளிற் சுமந்து, வானூர்தியில் ஏற்றி, படை வாகனத்தில் வைத்துக் கிராமத்து வாயில் வரை கொண்டு சேர்த்தனர். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன், பீகார் படைப்பிரிவில் பணியாற்றி, 1999 மே 29ஆம் நாள் படாலிக் பகுதியில் வீழ்ந்தார். பகைவரின் துப்பாக்கிச் சூட்டால் அவருடைய உடலை உடனே மீட்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் அது மலையிலேயே கிடந்தது. பின்னர் மீட்கப்பட்டுத் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. அன்று திருச்சியில் திரண்ட மக்களை நாம் மறக்க இயலாது. ஒரு முடிவு எத்தனை ஊர்களுக்குப் போரின் பொருளை உணர்த்திற்று!

பொறுப்பு ஏற்கப்பட்டுவிட்டால் காலம் கடந்தாலும் அது கைவிடப்படுவதில்லை என்பதற்கும் சான்றுண்டு. 1968 பிப்ரவரியில் இமயத்தில் ரோதாங் கணவாய்ப் பகுதியில் 102 பேருடன் ஒரு விமானப்படை விமானம் மறைந்தது. அதிற் சென்ற நால்வரின் உடல்கள் 2024 செப்டம்பரில், ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து, பனியிலிருந்து கிடைத்தன. அவர்களுள் ஒருவர் கேரளத்தவர். அவ்வுடலும் அரசுப் பொறுப்பில் ஊர் சேர்ந்தது. பெற்றோர் காத்திருக்கவில்லை, அவர்கள் காலம் முடிந்துவிட்டது. உடன்பிறந்தோர் பெற்றுக்கொண்டனர்.

நமக்கு ஒரு பாடம்

இவ்வரலாற்றிலிருந்து ஊர் விட்டு ஊர் வந்த நம் போன்றோர் கொள்ளத்தக்கது யாது? நாம் போர்வீரரல்லர், நம் வழிச்செலவை எச்சட்டமும் ஏற்பதில்லை. ஆயினும் நூற்றறுபது ஆண்டுப் பட்டறிவு மூன்று செய்திகளைச் சொல்கிறது.

முதலாவது, பொதுவில் ஏற்காத செலவு ஏழையின் மீதே விழும். வசதியுள்ளவன் எப்படியும் ஊர் போய்ச் சேருவான். ஆகவே துக்க வீட்டின் வழிச்செலவை அவ்வீட்டின் சொந்தக் காரியம் என்று விட்டுவிடலாகாது. இரண்டாவது, பிறகு தருகிறோம் என்ற உதவி, அன்றே தரும் உதவியிற் பாதியளவும் பெறாது. நம் சங்கங்கள் துயர்நிதி என்று ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைத்தால், அது கூட்டம் கூடித் தீர்மானம் போட்ட பிறகு அன்றி, அன்றிரவே கைக்குக் கிடைக்கும்படி இருத்தல் வேண்டும். கொண்டுசெல்ல வேண்டுமா, இங்கேயே முடிக்க வேண்டுமா என்பதைக் குடும்பம் தீர்மானிக்கட்டும். பணம் தீர்மானிக்க வேண்டாம். மூன்றாவது, தாள்கள். ஊர் முகவரி, உறவினர் பெயர், பணிச் சான்று, ஓய்வூதிய எண் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு வீட்டாருக்குச் சொல்லி வைப்பது எளிய செயல். அதைச் செய்யாததால் அல்லலுறும் குடும்பங்கள் பல.

உள்நாட்டுப் போரில் 13 டாலர் சம்பளக்காரனின் தந்தை விலையைக் கேட்டுத் திரும்பிச் சென்றான். 1947ஆம் ஆண்டில் அவனுடைய பேரன் காலத்துத் தந்தை விலையே கேட்க வேண்டியிருக்கவில்லை. இடையில் எண்பது ஆண்டுகளில் மாறியது புகைவண்டிக் கட்டணம் அன்று; அக்கட்டணம் யாருடையது என்ற எண்ணமே மாறிற்று. அவ்வெண்ணம் நம் காலனியிலும் வேரூன்றுமாயின், இவ்வாண்டுவிழாவின் பயன் மிகும்.